1752 செப்டம்பரில் காணாமல் போன 11 நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்காட்டி மாறிய வரலாற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு" என்று தெருவில் கத்திய இங்கிலாந்துக் கூட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நாட்காட்டி என்றால் என்னவென்றே தெரியாத பாமரர்கள், ஆயுளில் 11 நாள் குறைந்துவிட்டதாகப் பயந்தார்கள் என்று கதை போகும். இது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். தேதி மாறும்போது வாடகை, வட்டி, வேலை ஒப்பந்தம், பண்டிகை எல்லாமே மாறுகின்றன. அதைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அப்படி என்னதான் நடந்தது?

1752 செப்டம்பர் 2, புதன்கிழமை. பிரிட்டனிலும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களிலும் அதற்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. 3 முதல் 13 வரை இருந்த தேதிகள் அந்த ஆண்டில் கிடையாது. செப்டம்பருக்கு 19 நாட்கள், வருடத்துக்கு 355 நாட்கள். லினக்ஸ், மேக் போன்ற கணினிகளில் 'கால்' (cal) என்ற கட்டளையைக் கொடுத்து 1752-ஆம் ஆண்டு 9-ஆம் மாதத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 2-க்குப் பக்கத்தில் 14 நிற்கும்.

கிழமை குழம்பவில்லையா?

இல்லை. புதனுக்கு அடுத்து வியாழன்தான் வந்தது. தேதி எண்களை மட்டும் தாண்டினார்கள், வாரத்தைத் தொடவில்லை. ஞாயிறு வழிபாடும் வாரச் சந்தையும் வழக்கம்போல நடந்தன.

நாட்களை எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் கொண்டுவந்த நாட்காட்டி, ஒரு வருடத்துக்கு 365 நாள் 6 மணி நேரம் என்று கணக்கு வைத்தது. பருவங்கள் ஒரு சுற்று வர ஆகும் நேரம் அதைவிட சுமார் 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் 128 வருடத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும். 1582 வாக்கில், வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாக வரும் நாள் மார்ச் 21-இலிருந்து மார்ச் 11-க்கு வந்திருந்தது. ஈஸ்டரை அந்த நாளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள் என்பதால் கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது பெரிய கவலை.

கலாப்ரியாவைச் சேர்ந்த மருத்துவர் லூயிஜி லீலியோ ஒரு திருத்தம் வகுத்தார். 100-ஆல் வகுபடும் வருடங்களில் 400-ஆலும் வகுபடுபவை மட்டுமே லீப் வருடம். 1600-உம் 2000-உம் லீப். 1700, 1800, 1900 இல்லை. அது நடைமுறைக்கு வருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1576-இலேயே இறந்துவிட்டார். கிறிஸ்டோஃபர் கிளேவியஸ் என்ற யேசு சபைக் கணித அறிஞர் அதை விளக்கி, வாதாடி நிலைநிறுத்தினார். போப் 13-ஆம் கிரிகோரி 1582 பிப்ரவரியில் ஆணையிட்டார். அந்த அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. ஆவிலா நகரத்துப் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15-இல் வருகிறது.

அப்புறம் ஏன் இங்கிலாந்து 170 வருடம் காத்திருந்தது?

போப் சொன்னார் என்பதுதான் காரணம். முதலாம் எலிசபெத் அரசிக்கு ஜான் டீ என்ற அறிஞர் திருத்தத்தை ஏற்கலாம் என்று அறிக்கையே கொடுத்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர்கள் முடியாது என்றார்கள். இப்படியே ஒன்றரை நூற்றாண்டு போனது. இடையில் 1700-ஐ இங்கிலாந்து பழைய முறைப்படி லீப் வருடமாக வைத்துக்கொண்டதால் வித்தியாசம் 10 நாளிலிருந்து 11 நாளானது.

கடைசியில் செஸ்டர்ஃபீல்ட் பிரபு 1751-இல் மசோதாவைக் கொண்டுவந்தார். வானியல் தெரிந்த மாக்லஸ்ஃபீல்ட் பிரபு அதற்குத் துணை நின்றார்.

அதுவரை ஐரோப்பாவில் இரண்டு தேதிகளா? எப்படிச் சமாளித்தார்கள்?

கடிதங்களில் இரண்டு தேதிகளையும் போட்டுத்தான். இல்லாவிட்டால் குழப்பம்தான். 1688-இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஹாலந்திலிருந்து நவம்பர் 11 அன்று கப்பலேறி, நவம்பர் 5 அன்று இங்கிலாந்தில் இறங்கினார். இரண்டு தேதிகளும் அந்தந்த நாட்டுக் கணக்கில் சரி.

ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 ஏப்ரல் 23. ஸ்பெயினின் செர்வான்டெஸுக்கும் அதே தேதியைச் சொல்வார்கள். உலகப் புத்தக தினம் ஏப்ரல் 23-இல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஸ்பெயின் புது நாட்காட்டியிலும் இங்கிலாந்து பழையதிலும் இருந்தன. இரண்டு மரணங்களுக்கும் நடுவில் பத்து நாட்களாவது இருக்கின்றன. கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். அதுவும் இதே கதைதான். நியூட்டனின் 1642 டிசம்பர் 25, புதுக் கணக்கில் 1643 ஜனவரி 4.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1746-இல் லா போர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் 150 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் தேதியில் 11 நாள் வித்தியாசம். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், தேதியையும் எழுதி வைத்தார். இன்று படிக்கும்போது அந்தப் பழக்கத்தின் அருமை தெரிகிறது. வெள்ளைக்காரர்களின் தேதிகள் இரண்டாகப் பிரிந்து கிடந்தபோதும் அவருடைய தமிழ்த் தேதி உறுதியாக நிற்கிறது.

அப்படியானால் 1752-இல் சென்னையிலும் 11 நாள் போனதா?

பிரிட்டிஷ் சட்டம் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பெயர் சொல்லியே எல்லா ஆட்சிப் பகுதிகளையும் சேர்த்தது. கோட்டைக்குள் இருந்த கும்பெனிக் கணக்குகள் அதற்குள் வந்துவிடும். கோட்டைக்கு வெளியே அது ஆங்கீரச வருடம். பஞ்சாங்கத்தில் ஒரு நாழிகைகூட நகரவில்லை.

வருடம் மார்ச் மாதத்தில் பிறந்தது என்கிறார்களே?

உண்மைதான். இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் மார்ச் 25-இல்தான் தொடங்கியது. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறியிருந்தது. அதனால் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ எல்லையைத் தாண்டினால் வருட எண்ணே மாறிவிடும். முதலாம் சார்லஸ் மன்னரைத் தலை வெட்டிக் கொன்ற நாள் அன்றைய ஆங்கிலப் பதிவில் 1648 ஜனவரி 30. நாம் படிக்கும் புத்தகங்களில் 1649 ஜனவரி 30. பழைய ஆவணத்தில் 1648/49 என்று கோடு போட்டு எழுதியிருந்தால் அதன் பொருள் இதுதான்.

1751-இல் கொண்டுவந்த சட்டம் இதையும் சேர்த்தே சரிசெய்தது. 1751-ஆம் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்து டிசம்பர் 31-இல் முடிந்தது. 282 நாள்தான் அதன் ஆயுள். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இரண்டு திருத்தமும் சேர்ந்து விழுந்தன. அவர் பிறந்தபோது எழுதிய தேதி 1731/32 பிப்ரவரி 11. அமெரிக்கா இன்று நினைவுகூர்வது 1732 பிப்ரவரி 22.

வாடகை, கடன், சம்பளம் எல்லாம் என்ன ஆயின? 11 நாள் குறைந்த மாதத்துக்கு முழு வாடகையா?

அன்றைய மக்களுக்கும் இதுதான் முதல் கேள்வி.

இங்கிலாந்தில் குத்தகையும் வாடகையும் காலாண்டுக் கெடுவில் கட்ட வேண்டும். புனித மிக்கேல் திருநாளான செப்டம்பர் 29 அதில் ஒரு கெடு. அறுவடை முடிந்து, தானியத்தை விற்று, கையில் காசு வரும் நேரம் அது. வேலையாட்களை ஒரு வருடத்துக்கு அமர்த்திக்கொள்வதும் பல ஊர்களில் அந்தத் திருநாளையொட்டித்தான். இப்போது மூன்றாம் தேதியிலிருந்து பதின்மூன்றாம் தேதி வரை எடுத்துவிட்டால், கெடு 11 நாள் முன்னாலேயே வந்து நிற்கும். பயிருக்குத் தேதி தெரியாது. அறுவடை முடியாமலே குத்தகைப் பணத்துக்கு எங்கே போவது?

சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருந்தார்கள் என்பதை மனதாரப் பாராட்ட வேண்டும். வாடகை, ஆண்டுத்தொகை, கடன் பத்திரம், ஒப்பந்தப் பணம் எதுவானாலும் இந்தச் சட்டத்தால் ஒரு நாள்கூட முன்னால் வராது, வட்டியும் ஏறாது என்று ஒரு பிரிவு வைத்தார்கள். செப்டம்பர் 29-இல் கட்ட வேண்டிய வாடகையை அக்டோபர் 10-இல் கட்டினால் போதும், அதாவது இயற்கையாக அந்த நாள் எப்போது வருமோ அப்போது. இது இருபக்கத்துக்கும் பொருந்தியது. தொழில் பழகும் பையனும் வருட ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் முழுக் காலத்தையும் முடித்தால்தான் விடுதலை, 11 நாள் முன்கூட்டியே கிளம்ப முடியாது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதையும் பழைய பருவப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டுக்குப் புல் தேவைப்படும் காலம் நாடாளுமன்றச் சட்டத்தால் மாறாது அல்லவா.

ஆனால் ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. தேவாலயம் புனித மிக்கேல் திருநாளைப் புதுக் கணக்கில் செப்டம்பர் 29-இல் கொண்டாடியது. காசு கொடுக்கும் நாளோ அக்டோபர் 10. அதுவரை பண்டிகையும் கணக்கு முடிக்கும் நாளும் ஒன்றாக இருந்தவர்களுக்கு இரண்டும் தனித்தனியாகப் போயின. கிராமத்து வருடம் என்பதே பண்டிகைகளை வைத்துக் கோத்ததுதான். அது குலைந்ததை அவர்கள் இழப்பாக உணர்ந்ததில் என்ன தவறு?

வயது குறைந்ததா, கூடியதா?

இரண்டும் இல்லை. 21 வயது நிறைந்தால்தான் சொத்து கைக்கு வரும் என்றால், முழுதாக 21 வருடம் ஓடியிருக்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொன்னது. பழைய கணக்கில் செப்டம்பர் 5-இல் 21 முடியும் ஒருவருக்கு, செப்டம்பர் 16-இல்தான் அந்த உரிமை வரும்.

கலவரம் நடந்ததா, இல்லையா?

நடந்ததற்குச் சான்று கிடையாது. வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்த்தும் 1752-இல் நாட்காட்டிக்காக ஒரு கலவரமும் அகப்படவில்லை.

கதை எங்கிருந்து வந்தது என்றால், ஓவியர் வில்லியம் ஹோகார்த்திடமிருந்து. 1754-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கடுமையான தேர்தல் போட்டி நடந்தது. விக் கட்சி வேட்பாளர்களில் ஒருவர் பார்க்கர் பிரபு, அதாவது நாட்காட்டிச் சட்டத்துக்குத் துணை நின்ற மாக்லஸ்ஃபீல்டின் மகன். எதிர்க்கட்சிக்காரர்கள் அப்பா செய்ததை மகன் தலையில் போட்டுத் தாக்கினார்கள். அந்தத் தேர்தலைக் கிண்டல் செய்து ஹோகார்த் வரைந்த விருந்துக் காட்சியில், தரையில் ஒரு கறுப்புப் பதாகை கிடக்கிறது. அதில் எங்கள் 11 நாளைக் கொடு என்று எழுதியிருக்கிறது. கேலிச் சித்திரத்தில் கிடந்த ஒரு தேர்தல் கோஷம், பிற்காலப் புத்தகங்களில் தெருக் கலவரமாக வளர்ந்துவிட்டது.

எதிர்ப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. முணுமுணுப்பு இருந்தது, பிடிவாதம் இருந்தது. ஆனால் ஆயுள் குறைந்துவிட்டது என்று அழுத முட்டாள் கூட்டம் என்பது படித்தவர்கள் படிக்காதவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை. அதை இன்னும் பாடப்புத்தகத் தொனியில் திருப்பிச் சொல்வதை நிறுத்த வேண்டும்.

கிறிஸ்துமஸ் எந்த நாளில் என்று சண்டை வரவில்லையா?

வந்தது, அதுவும் அழகான முறையில். பக்கிங்ஹாம்ஷயரில் குவெயின்டன் என்று ஒரு ஊர். அங்கே ஒரு முள்மரம். கிளாஸ்டன்பரியில் இருந்த புகழ்பெற்ற புனித முள்மரத்தின் கிளையிலிருந்து வளர்ந்தது என்று பேச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மொட்டு விட்டு மறுநாள் பூக்கும் என்பது நம்பிக்கை. 1752 டிசம்பர் 24 இரவு, புதுத் தேதிப்படி, விளக்கும் மெழுகுவத்தியுமாக 2,000 பேருக்கு மேல் அந்த மரத்தைப் பார்க்கக் கூடினார்கள் என்று அன்றைய லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. மரத்தில் ஒரு மொட்டும் இல்லை. அப்படியானால் நாளை உண்மையான கிறிஸ்துமஸ் இல்லை என்று முடிவு செய்து, மறுநாள் தேவாலயத்துக்குப் போக மறுத்துவிட்டார்கள். சுற்று வட்டாரப் பாதிரியார்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, பழைய கிறிஸ்துமஸும் வழக்கம்போலக் கொண்டாடப்படும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

அரசாங்கம் ஒரு தேதி சொல்கிறது. சரிபார்க்க அவர்களிடம் தொலைநோக்கி இல்லை, மரம் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்தார்கள். அவர்களை எப்படி மூடர்கள் என்பது?

ஷெட்லாந்தில் ஃபூலா என்ற சின்னஞ்சிறு தீவில் இன்றும் பழைய கிறிஸ்துமஸை ஜனவரி 6-இல் கொண்டாடுகிறார்கள். வேல்ஸின் குவைன் பள்ளத்தாக்கில் பழைய புத்தாண்டு ஜனவரி 13.

பிரிட்டனில் வரி வருடம் ஏன் ஏப்ரல் 5-இல் முடிகிறது?

மார்ச் 25-ஓடு 11 நாளைக் கூட்டுங்கள். பழைய வருடப் பிறப்பும் காலாண்டுக் கெடுவும் மார்ச் 25 என்பதால், நாள் குறையாமல் கணக்கை முடிக்க அரசாங்கம் ஏப்ரல் 5-ஐப் பிடித்துக்கொண்டது. லண்டனில் வருமான வரி கட்டும் நம் ஆட்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் பரபரப்பது இதனால்தான்.

பிப்ரவரி 30 என்று ஒரு தேதி உண்மையிலேயே இருந்ததா?

ஸ்வீடனில், 1712-இல். ஒரேயடியாக நாட்களைத் தாண்ட வேண்டாம், 1700 தொடங்கி 40 வருடத்துக்கு லீப் நாட்களை மட்டும் விட்டுவிட்டு மெல்ல மாறிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டார்கள். 1700-இல் விட்டார்கள். அப்புறம் பெரும் போர் மூண்டது. 1704-இலும் 1708-இலும் லீப் நாளை விடாமல் வைத்துவிட்டார்கள். விளைவு, ரஷ்யாவோடும் ஒத்துவரவில்லை, டென்மார்க்கோடும் ஒத்துவரவில்லை. போதும் என்று பழைய முறைக்கே திரும்ப, 1712 பிப்ரவரியில் 29-க்கு மேல் இன்னொரு நாளையும் சேர்த்தார்கள். கடைசியில் 1753-இல் பிப்ரவரி 17-க்கு அடுத்து மார்ச் 1 என்று எல்லோரையும் போல ஒரே தாண்டு தாண்டினார்கள்.

அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பரில் கொண்டாடுகிறார்கள்?

1917-இல் ரஷ்யா இன்னும் பழைய நாட்காட்டியில் இருந்தது. அக்டோபர் 25 என்பது மற்ற நாடுகளில் நவம்பர் 7. அதே வருடம் பிப்ரவரி 23-இல் பெட்ரோகிராட் பெண்கள் தெருவில் இறங்கியதுதான் பிப்ரவரி புரட்சியின் தொடக்கம். புதுக் கணக்கில் அது மார்ச் 8, மகளிர் தினம். 1918-இல் ஜனவரி 31-க்கு அடுத்த நாளை பிப்ரவரி 14 ஆக்கினார்கள். பிப்ரவரி 1 முதல் 13 வரை கட்ட வேண்டிய கடன்கள் 14 முதல் 26 வரைக்குத் தள்ளிப் போகும் என்று அந்த ஆணையிலும் எழுதினார்கள்.

நாட்காட்டியை மாற்றிச் சம்பளத்தை மிச்சம் பிடித்த அரசுகள் உண்டாமே?

ஜப்பானைச் சொல்கிறீர்கள். அங்கே மெய்ஜி 5-ஆம் ஆண்டின் 12-ஆம் மாதம் 3-ஆம் நாளை 1873 ஜனவரி 1 ஆக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது அதற்கு முந்தின மாதம்தான். மறு வருடத்துக்கு அச்சடித்து வைத்திருந்த நாட்காட்டிகள் வீணாயின. பழைய முறையில் அடுத்த வருடம் அதிக மாதம் வரும், 13 மாதச் சம்பளம் தர வேண்டும். புது முறையில் 12 போதும். நின்றுபோன 12-ஆம் மாதத்தின் இரண்டு நாளுக்கும் சம்பளம் இல்லை. கஜானா காலியாக இருந்ததும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் என்று, அன்று ஆட்சியில் இருந்த ஒகுமா ஷிகெனோபு பின்னாளில் சொன்னார்.

சமீபத்திய உதாரணம் சவுதி அரேபியா. 2016 அக்டோபரில் அரசு ஊழியர் சம்பளத்தை ஹிஜ்ரி மாதத்திலிருந்து ஆங்கில மாதத்துக்கு மாற்றினார்கள். ஹிஜ்ரி வருடம் சுமார் 11 நாள் சிறியது. அதே சம்பளத்துக்கு வருடத்தில் அத்தனை நாள் கூடுதல் வேலை.

வாரத்தையே மாற்றிய நாடுகள்?

பிரான்சும் சோவியத் ஒன்றியமும். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793-இல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு என்று இருந்தவர்களுக்குப் பத்து நாளுக்கு ஒன்று. நெப்போலியன் 1806 ஜனவரி 1 முதல் அந்த நாட்காட்டியை எடுத்துவிட்டார்.

சோவியத் முயற்சி இன்னும் கொடுமை. 1929-இல் ஐந்து நாள் வாரம். இயந்திரம் நிற்கக் கூடாது என்று தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறமும் தனி ஓய்வு நாளும் கொடுத்தார்கள். கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம் என்று அமைந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் நாளே வராது. 1931-இல் பொது ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரமாக்கினார்கள், 1940-இல் ஏழு நாளுக்கே திரும்பினார்கள்.

நம் பொங்கல் ஏன் சில வருடம் ஜனவரி 15-இல் வருகிறது?

ஆங்கில வருடம் பருவத்தைப் பின்பற்றுகிறது, நம் பஞ்சாங்கம் நட்சத்திர மண்டலத்தைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. சுமார் 60, 70 வருடத்தில் அது ஒரு நாளாகும். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. இப்போது அது 14-இலோ 15-இலோ வருகிறது. 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த குழு இதைச் சரிசெய்யப் பார்த்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டி ஆனது. அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் அது இருக்கிறது. சித்திரை ஒன்றை மார்ச்சுக்குக் கொண்டுபோக நம் வீடுகளில் யாரும் சம்மதிக்கவில்லை.

பழைய ஆவணத்தில் தேதி பார்த்தால் எப்படி மாற்றுவது?

முதலில் எழுதியவர் எந்த நாட்டுக்காரர், அந்த நாடு எப்போது மாறியது என்று பாருங்கள். பழைய கணக்கு என்றால், 1582-இலிருந்து 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்ட வேண்டும். அதிலிருந்து 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13. 1752-க்கு முந்தின ஆங்கிலேய ஆவணம் ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் நடுவில் தேதியிட்டிருந்தால், வருட எண்ணில் ஒன்று கூட்ட வேண்டுமா என்று தனியாகச் சரிபாருங்கள். இந்த 13 நாள் 2100 பிப்ரவரி வரைதான். ரஷ்யத் திருச்சபை அதுவரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தால், ஜனவரி 7-இல் வரும் அவர்களுடைய கிறிஸ்துமஸ் 2101 முதல் ஜனவரி 8-இல் வரும்.